எட்டு டகோட்டாக்களின் சொந்தக்காரர்

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. இந்திய விமானப்படையின் 92ஆம் ஆண்டு நிறைவையொட்டிச் சென்னை மெரினா கடற்கரையில் வான் சாகச நிகழ்ச்சி நடந்தது. உறவினர் திருமணத்துக்காகச் சென்னை போயிருந்த நான், நமக்கு இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு முறை எங்கே கிடைக்கப்போகிறது என்று காலையிலேயே கிளம்பிவிட்டேன். பறக்கும் ரயில் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. கடற்கரை மணலில் இலட்சக்கணக்கான தலைகள். குடை வைத்திருந்தவர்கள் புண்ணியவான்கள். அன்றைய வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் உயிரிழந்தார்கள் என்பது மாலையில் செய்தி பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த நாளை நினைக்கும்போது அதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

ரஃபேல், சுகோய், தேஜஸ் எல்லாம் காதைக் கிழித்துக்கொண்டு போயின. கைப்பேசியைத் தூக்குவதற்குள் கடல் பக்கம் புள்ளியாகிவிடும். அவற்றுக்கு நடுவே மெதுவாக, தாழ்வாக, ஏதோ பழைய லாரி மேட்டில் ஏறுவதுபோல உறுமிக்கொண்டு ஒரு விமானம் வந்தது. இரண்டு இறக்கைகளிலும் சுழலும் விசிறிகள். தடித்த மூக்கு. அதுதான் டகோட்டா. விமானப்படை பாதுகாத்து வைத்துப் பறக்கவிடும் பழைய விமானங்களில் ஒன்று. பரசுராமா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேகமான விமானங்களுக்குக் கை தட்டாத பெரியவர்கள் பலர் இதற்குத் தட்டினார்கள்.

என் பக்கத்தில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு முதியவர், இந்த மாதிரி எட்டு விமானங்களை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொந்தமாக வைத்திருந்தார் என்று சொன்னார். ஊர் எது என்று கேட்டேன். காரைக்குடிப் பக்கம் என்றார். நான் மலேசியாவிலிருந்து, பேராக்கிலிருந்து வருகிறேன் என்றதும், அந்த ஆளுக்கு உங்கள் நாட்டில் ரப்பர் தோட்டமும் ஈயச் சுரங்கமும் இருந்தன, தெரியுமா என்றார். எனக்குத் தெரியாது. நாடு திரும்பிய பிறகுதான் தேடிப் படித்தேன். அவர் வள்ளல் அழகப்பச் செட்டியார்.

காரைக்குடியில் படித்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அங்கே ஒரு பல்கலைக்கழகமே அவர் பெயரில் இருக்கிறது. நம்மில் பலருக்கு அவர் ஒரு பெயர் மட்டும்தான். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு விமானியும், ஒரு நோயாளியும், கணக்குப் பார்க்காமல் கொடுத்த ஒரு வணிகரும் இருந்தார்கள்.

கோட்டையூர், காரைக்குடிக்கு அருகில் உள்ள செட்டிநாட்டு ஊர்களில் ஒன்று. 1909 ஏப்ரல் 6ஆம் நாள் அங்கே இராமநாதன் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மகனாகப் பிறந்தார் அழகப்பர். நகரத்தார் குடும்பங்களில் அந்தக் காலத்துப் பையன்களின் பாதை பிறக்கும்போதே போட்டு வைத்ததுதான். கொஞ்சம் எழுத்து, நிறையக் கணக்கு, அதன் பிறகு கப்பல் ஏறிப் பர்மாவுக்கோ இலங்கைக்கோ மலாயாவுக்கோ போய்ப் பெட்டியடியில் உட்கார்ந்து தொழில் பழக வேண்டும். மூன்று ஆண்டு கணக்கு முடித்து ஊர் திரும்பினால் கல்யாணம். கல்லூரிப் படிப்பு அந்தப் பாதையில் இல்லை. படித்தவன் தொழிலுக்கு ஆகமாட்டான் என்ற எண்ணம் இருந்த காலம்.

அழகப்பர் படித்தார். காரைக்குடியில் பள்ளிப் படிப்பு, பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. கணக்கோ வணிகமோ எடுக்காமல் ஆங்கில இலக்கியம் எடுத்தார். 21 வயதில் எம்.ஏ. பட்டம். நகரத்தார் சமூகத்தில் எம்.ஏ. பெற்ற முதல் ஆள் அவர்தான் என்று சொல்கிறார்கள். அங்கிருந்து இலண்டன் போனார். அங்கே சட்டம் படித்துப் பாரிஸ்டர் ஆனார். அதோடு நிற்காமல் சார்ட்டர்ட் வங்கியில் பயிற்சி பெற்றார். அதுவும் போதாதென்று குரோய்டன் விமான நிலையத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு சான்றிதழும் வாங்கினார்.

இந்தக் குரோய்டன் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இன்றைய ஹீத்ரோ வருவதற்கு முன்னால் இலண்டனின் பெரிய விமான நிலையம் குரோய்டன்தான். பயணிகளுக்கென்றே கட்டப்பட்ட முனையக் கட்டடம் அங்கே 1928இல் திறக்கப்பட்டது. மேல்மாடத்தில் நின்று விமானங்களை வேடிக்கை பார்க்க மக்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். மெரினாவில் நாங்கள் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள், வெயில் மட்டும் இல்லை. 1930 மே 5ஆம் நாள் ஏமி ஜோன்சன் என்ற 26 வயதுப் பெண் அங்கிருந்துதான் ஜிப்சி மோத் என்ற சின்ன விமானத்தில் தனியாகக் கிளம்பினார். கராச்சி, அலகாபாத், கல்கத்தா, இரங்கூன், பாங்காக், சிங்கப்பூர் என்று இறங்கி இறங்கி மே 24இல் ஆஸ்திரேலியாவின் டார்வினைத் தொட்டார். உலகமே அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் கோட்டையூர் இளைஞர் அதே ஓடுதளத்தில் பயிற்சி பெற்றார்.

அன்றைய பயிற்சி விமானத்தில் மேலே கூரை கிடையாது. காற்று முகத்தில் அறையும், அதற்குத்தான் கண்ணாடியும் தோல் தொப்பியும். வானொலி இல்லை. கீழே தெரியும் ரயில் பாதையையும் ஆற்றையும் தேவாலயக் கோபுரத்தையும் அடையாளம் வைத்து வழி கண்டுபிடிக்க வேண்டும். வட்டிக் கணக்குப் பரம்பரையில் வந்த ஒருவர் இதில் போய் உட்கார்ந்தார் என்பதுதான் எனக்கு அவரிடம் முதலில் பிடித்த விஷயம். தேவையே இல்லாத ஒன்றை, ஆசைக்காகக் கற்றவர்.

ஊர் திரும்பியதும் தொழில். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அவர் கை வைக்காத தொழிலைச் சொல்வதுதான் எளிது. 1937இல் கொச்சி சமஸ்தானத்தில், திருச்சூருக்கு அருகே புதுக்காட்டில் ஒரு நெசவாலை தொடங்கினார். அந்த ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு இன்றும் அழகப்பநகர் என்றுதான் பெயர். காப்பீடு, பங்கு வணிகம், தங்கும் விடுதி, திரையரங்கு என்று அது விரிந்தது. கூடவே மலாயாவில் ரப்பர் தோட்டங்கள், ஈயச் சுரங்கங்கள்.

இங்கேதான் கதை நம் பக்கம் வருகிறது.

ஈப்போவில் லகாட் சாலைப் பக்கம் போனவர்கள் அந்தப் பழைய கடைவரிசைகளைக் கவனித்திருப்பீர்கள். செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த இடம் அது. நீளமான கூடம், தரையில் பாய், சாய்வு மேசை, இரும்புப் பெட்டி. ஒரே கூடத்தில் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் முதலெழுத்துகளால் ஆன ஒரு விலாசம். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய சீன முதலாளிக்கும், ரப்பர் போட்ட மலாய்க் குடியானவருக்கும், சொந்தத் தோட்டம் வாங்க நினைத்த தமிழ்க் கங்காணிக்கும் கடன் கொடுத்தவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள்தான். வெள்ளைக்கார வங்கிகள் இவர்களில் பலரைப் படி ஏறவே விட்டதில்லை. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1932இல் ஒரு இராத்தல் ரப்பர் பத்துக் காசுக்கும் கீழே போனது. வாங்கிய கடனைக் கட்ட முடியாதவர்களின் நிலம் கடன் கொடுத்தவர்களின் கைக்குப் போனது. மலாயாவில் செட்டியார்கள் பலர் தோட்ட முதலாளிகளானது இப்படித்தான்.

அதே மந்தத்தில் இன்னொரு கணக்கும் நடந்தது. வேலையில்லை என்று பல்லாயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மிஞ்சியவர்களின் கூலி குறைக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டில் நிலைமை ஓரளவு சீரான பிறகும் ஆணுக்கு நாள்கூலி 50 காசைத் தாண்டியது அரிது. பெண்ணுக்கு அதற்கும் கீழே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளிக்கூடம் என்றால் பல தோட்டங்களில் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர். அந்த ஆசிரியரும் சில இடங்களில் கிராணியாகவோ கங்காணியாகவோ பகுதி நேரம் வேலை பார்த்தவர். மூன்றாம் நான்காம் வகுப்போடு பிள்ளைகள் கையில் பால்வாளி வந்துவிடும்.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். அவருடைய அம்மா விடிவதற்கு முன்னே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனவர். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், அழகப்பரின் வாழ்க்கை வரலாறுகளில் மலாயா என்பது ஒரு வரியில் வந்து போய்விடுகிறது. மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் இருந்தன, அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குள் எத்தனை நெற்றி விளக்குகள் எரிந்திருக்கும் என்று பேராக்கில் வளர்ந்த ஒருவரால் யோசிக்காமல் இருக்க முடியாது.

அவரை ஒரு சாதாரணப் பணக்காரராக நினைத்துவிடவும் முடியாது. இளமையிலேயே அவரைத் தொழுநோய் பிடித்தது. இன்றைய மாணவர்களுக்கு அந்த வார்த்தையின் பாரம் புரியாது. இப்போது மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும். அன்று அப்படி இல்லை. நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போடுவார்கள். வலி அதிகம், பலன் குறைவு. டாப்சோன் போன்ற மருந்துகள் 1940களில்தான் பயன்பாட்டுக்கு வந்தன. நோயைவிடக் கொடியது ஊரின் பார்வை. நம் நாட்டில் தொழுநோயாளிகளைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்தச் சட்டமே இருந்தது. 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ குடியிருப்புக்குக் கொண்டுபோய் விடுவார்கள். லயத்தில் ஒருவருக்கு நோய் வந்தால் குடும்பம் அவரைத் திரும்பப் பார்ப்பது நிச்சயமில்லை.

அழகப்பரிடம் பணம் இருந்தது. அதனால் அவரை எந்த வேலிக்குள்ளும் யாரும் அடைக்கவில்லை. பயணம் போனார், தொழில் நடத்தினார், பெரிய மனிதர்களோடு உட்கார்ந்து பேசினார். ஏழைக்கும் அவருக்கும் இருந்த வித்தியாசம் இது. ஆனால் முகத்திலும் கைகளிலும் நோயின் அடையாளத்தோடு ஒவ்வொரு மேடையிலும் ஏறியவர் அவர் என்பதையும் மறக்கக்கூடாது. முகத்தில் ஒரு பரு வந்தால் வகுப்புக்குப் போகத் தயங்கும் வயதில் இருக்கிறேன் நான்.

போர் முடிந்தது. இப்போது டகோட்டாக்களிடம் வருவோம்.

டகோட்டாவின் அசல் பெயர் டி.சி.3. அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம் செய்தது. 1935 டிசம்பர் 17இல் முதன்முதலாகப் பறந்தது. 1,200 குதிரைத்திறன் அளவுள்ள இரண்டு என்ஜின்கள். இருபது முப்பது பேர் உட்காரலாம். வாலில் சின்னச் சக்கரம் இருப்பதால் தரையில் நிற்கும்போது மூக்கு மேலே பார்த்தபடி இருக்கும். பயணிகள் மேடு ஏறுவதுபோல நடந்து போய் இருக்கையில் உட்கார வேண்டும். நல்ல ஓடுதளம் கேட்காது, புல்தரையே போதும். இரண்டாம் உலகப்போரில் இதைப் பத்தாயிரத்துக்கும் மேல் செய்து குவித்தார்கள். போர் முடிந்ததும் அவற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை. இந்தியாவில் கிடந்த உபரி விமானங்கள் மலிவு விலைக்கு வந்தன. பணமும் தைரியமும் இருந்தவர்கள் வாங்கி ஆளுக்கொரு விமான நிறுவனம் தொடங்கினார்கள்.

அழகப்பரிடம் இரண்டும் இருந்தன. பறக்கும் ஆசையும் இருந்தது. ஜூபிடர் ஏர்வேஸ் என்ற பெயரில் எட்டு டகோட்டாக்களோடு தொடங்கினார். குரோய்டனில் காற்றில் முகம் கொடுத்துக் கற்றவர் கைக்கு ஒரு விமானக் கூட்டமே வந்துவிட்டது.

நீடிக்கவில்லை. அவர் நிறுவனம் மட்டுமல்ல, அந்தக் காலத்து இந்திய விமான நிறுவனங்கள் பலவும் தள்ளாடின. காரணம் எளிது. பறக்கக் கூடிய வசதி உள்ள பயணிகள் கொஞ்சம், உரிமம் பெற்ற நிறுவனங்கள் அதிகம், பெட்ரோல் விலை கூடுதல். விமானம் மலிவாகக் கிடைத்தது, அதை ஓட்டுவது மலிவாக இல்லை. பழைய காடியை ஏலத்தில் எடுத்துவிட்டுப் பழுதுபார்ப்புச் செலவில் மூழ்கியவர்களை நமக்கும் தெரியும். ஜூபிடர் 1940களின் கடைசியிலேயே மூடப்பட்டது. தாக்குப்பிடித்த எட்டு நிறுவனங்களின் உள்நாட்டுச் சேவைகளை 1953இல் அரசு எடுத்து ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்கியது. அந்தப் புதிய நிறுவனத்தின் கையில் இருந்த விமானங்களில் பெரும்பாலானவை டகோட்டாக்கள்தான். யாருடைய கனவு உடைந்தாலும் அந்த விமானம் பறந்துகொண்டே இருந்தது.

அதே காலத்தில் நம் வானத்திலும் அது பறந்தது. மலாயன் ஏர்வேஸ் 1947 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்குக்குச் சேவை தொடங்கியபோது ஐந்து பேர் உட்காரும் சின்ன விமானம்தான் இருந்தது. சீக்கிரமே டகோட்டாக்கள் வந்தன. ஈப்போ ஓடுதளத்தில் இறங்கிய முதல் தலைமுறைப் பயணிகளில் பலர் டகோட்டாவில் வந்தவர்கள்.

அழகப்பரின் பெயர் விமானத்தால் நிலைக்கவில்லை. கொடுத்ததால் நிலைத்தது. அந்தப் பகுதியைப் பட்டியல் போட்டால் அலுத்துவிடும். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

1947 ஜூலையில், அன்னி பெசண்ட் நூற்றாண்டு விழா சமயத்தில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார், பல்கலைக்கழகக் கல்வி பெரிய நகரங்களோடு நின்றுவிடக்கூடாது, வசதி உள்ளவர்கள் தங்கள் ஊர்களில் கல்லூரி தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்த இடத்திலேயே அழகப்பர் காரைக்குடியில் தொடங்குவதாக அறிவித்துவிட்டார். இப்படி அறிவிப்பவர்கள் எப்போதும் உண்டு. ஆனால் ஆகஸ்ட் 11ஆம் நாள் காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி திறந்துவிட்டது. ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. இந்தியா விடுதலை பெற இன்னும் நான்கு நாள் பாக்கி. மழை வந்தால் தூசி அடங்கும், இல்லாவிட்டால் பொட்டல் என்று இருந்த ஊர் காரைக்குடி. அங்கே அடுத்த பத்தாண்டுக்குள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், உடற்கல்விக் கல்லூரி, சிறுவர் பள்ளி என்று வரிசையாக எழுந்தன. இதற்கு முன்பே, 1944இல், சென்னை கிண்டியில் அவர் கொடையில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று தொடங்கியிருந்தது. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியாக இருக்கும் ஏ.சி. டெக் அதுதான்.

இரண்டாவது, மின்வேதியியல் ஆய்வகம். விடுதலை பெற்ற இந்தியா நாடு முழுவதும் தேசிய ஆய்வகங்கள் அமைக்கத் திட்டமிட்டது. எல்லாம் பெருநகரங்களுக்குப் போக வேண்டியவை. அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தருகிறேன், ஒன்றைக் காரைக்குடிக்குக் கொடுங்கள் என்றார். கொடுத்தார்கள். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். உலோகத்துக்கு முலாம் பூசுவது, இரும்பு துருப்பிடிப்பதைத் தடுப்பது, மின்கலங்கள் செய்வது எல்லாம் மின்வேதியியல்தான். கைப்பேசியின் லித்தியம் மின்கலம் வரை அது வந்திருக்கிறது. கிந்தாவில் தோண்டிய ஈயத்தில் பெரும்பங்கு உலகமெங்கும் தகரத்துக்கு மேல் பூச்சாகத்தான் போனது என்பதை நினைத்தால், ஈயச் சுரங்கக்காரர் ஒருவர் இந்தத் துறைக்குப் பணம் கொடுத்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. பத்து காஜா வழியாகத் தஞ்சோங் துவாலாங் போகும் சாலையில் 1938ஆம் ஆண்டு ஈயக்கப்பல் ஒன்று இன்னும் நிற்கிறது. இது தெரிந்த பிறகு அதைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது.

மூன்றாவது, கணிதம். இதிலிருந்து ஒரு காசு இலாபம் வராது, ஒரு மேடைப் புகழும் வராது. 1950இல் சென்னையில் இராமானுஜன் கணித நிறுவனத்தை அழகப்பர் தொடங்கினார். தி. விஜயராகவன் அதன் முதல் இயக்குநர். கையில் எண்ணிவிடக்கூடிய ஆய்வாளர்கள், ஒரு நூலகம். எஸ்.டி.பி.எம். கணிதத் தாளோடு போராடிய நான், ஆங்கில இலக்கியம் படித்த ஒரு வணிகர் இதை ஏன் செய்தார் என்று பலமுறை யோசித்தேன். ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, படிக்க வழி தேடி அலைந்து, 32 வயதில் இறந்துபோன இராமானுஜனின் பெயருக்கு அந்தத் தமிழ்நாட்டிலேயே ஓர் இடம் இருக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. இது என் ஊகம்தான்.

ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் கொடுத்திருந்தது. விடுதலை வந்ததும் அதைத் துறந்தார். கோட்டையூரில் இருந்த மாளிகை போன்ற வீட்டையும் பெண்கள் கல்விக்காகக் கொடுத்தார். பிற்பாடு இந்திய அரசு பத்மபூஷண் வழங்கியது.

1950களின் நடுவில் நிலைமை மாறியது. உடல் தளர்ந்தது. தொழில்களிலிருந்து முன்போல வரவில்லை. கொடுப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. 1957 ஏப்ரல் 5ஆம் நாள் காலமானார். மறுநாள் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும்.

அவர் போனதும் முதலில் ஆட்டம் கண்டது அந்தக் கணித நிறுவனம்தான். பணம் தர ஆளில்லை, மூடிவிடுவார்கள் என்ற நிலை. அமெரிக்காவில் இருந்த வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், நேருவுக்கு எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. பிழைத்துவிட்டது. ஒரே மனிதரின் கையை நம்பி நிற்கும் நிறுவனங்களுக்கு வரும் ஆபத்து இது. அரசின் கையில் கொடுக்கப்பட்ட காரைக்குடி ஆய்வகம் அவர் இறந்த அன்றும் வழக்கம்போல இயங்கியிருக்கும். காரைக்குடிக் கல்லூரிகளின் வளாகத்தில் 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது.

இவ்வளவும் படித்த பிறகு எனக்குள் ஓடிய கேள்வியை மறைக்க விரும்பவில்லை. நம் மண்ணில் வெட்டிய பாலும் தோண்டிய ஈயமும் அங்கே கல்லூரியாக எழுந்தன. இங்கே தோட்டத்துப் பிள்ளைக்குக் கொட்டகைப் பள்ளிதான். இது நியாயமா? என் நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். வெள்ளைக்காரக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டு போன இலாபம் இலண்டனில் யார் வீட்டுத் தோட்டமாக ஆனது என்று உனக்குத் தெரியுமா, அழகப்பரின் பங்காவது யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கும் இடமாக ஆனதே என்று அவன் கேட்டான். அவன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் அது என் பாட்டியின் அம்மாவுக்குச் சேரவேண்டிய பதில் இல்லை.

பதிலில் ஒரு பாதி வேறு வழியாக வந்தது. சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த ஓர் இளைஞர், படிக்கத் தமிழ்நாட்டுக்குப் போனார். அவர் படித்தது சிதம்பரத்தில், இராஜா அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். அதுவும் கடல் கடந்த நகரத்தார் பணம் எழுப்பிய இடம்தான். அந்த இளைஞர் வீ.தி. சம்பந்தன். நாடு விடுதலை அடையும் சமயத்தில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் குடியிருப்பும் இழந்து தெருவுக்கு வந்தபோது, தொழிலாளியே பங்குதாரராகித் தோட்டம் வாங்கட்டும் என்று அவர் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பங்குப் பணம் மாதம் பத்து வெள்ளி என்று தவணையில் கட்டியவர்கள், மரம் வெட்டிய அதே கைகள்.

சென்னையில் எடுத்த காணொளியைப் பாட்டியிடம் காட்டினேன். ரஃபேல் வந்தபோது கைப்பேசியைத் தள்ளி வைக்கச் சொன்னார், இரைச்சல் பிடிக்கவில்லை. டகோட்டா வந்தபோது திரையைப் பார்க்கவில்லை, காதருகே வைத்துக் கேட்டார். அவசரகாலத்தில் அவர் சின்னப் பெண். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளைச் சரணடையச் சொல்லி ஒலிபெருக்கி கட்டிய விமானங்கள் தோட்டத்துக்கு மேலே தாழப் பறக்கும், துண்டுத்தாள்கள் கொட்டும். டகோட்டாக்களும் அந்த வேலை பார்த்தன. பிள்ளைகள் எல்லாம் லயத்து வாசலுக்கு ஓடி வந்து மேலே பார்ப்பார்களாம். மலாயிலும் சீனத்திலும் தமிழிலுமாக ஆகாயத்திலிருந்து ஒரு குரல் வருமாம், என்ன சொல்கிறது என்று யாருக்கும் சரியாகக் கேட்காதாம். காணொளியை இன்னொரு முறை போடச் சொன்னார்.